கெர்னல் பேட்சைச் சோதிக்கத் தொடங்குபவர்களுக்கு

"அண்ணா, கெர்னல்ல எந்த வரியைத் திருத்தினா என் பேட்சை ஏத்துக்குவாங்க?" புதுச்சேரி காலாப்பட்டில் படிக்கும் பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள், கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகளும் இதைத்தான் கேட்கிறார்கள். கெர்னல் என்பது லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதி, பேட்ச் என்பது அதன் நிரலில் செய்யும் ஒரு திருத்தம். என் பதில் எப்போதும் ஒன்றுதான். இப்போதைக்கு எதையும் எழுத வேண்டாம். இன்னொருவர் எழுதிய பேட்சை எடுத்து உங்கள் கணினியில் ஓட்டுங்கள். அது சொன்னதைச் செய்கிறதா என்று பார்த்து, பார்த்ததை எழுதி அனுப்புங்கள்.

லினக்ஸ் கெர்னலின் புதிய பதிப்பு 9 அல்லது 10 வாரத்துக்கு ஒருமுறை வருகிறது. ஒவ்வொன்றிலும் 10,000க்கு மேற்பட்ட கமிட்டுகள், அதாவது பதிவான மாற்றங்கள், சேர்கின்றன. எழுத ஆள் இருக்கிறது. படித்துப் பார்க்க ஆள் குறைவு, ஓட்டிப் பார்க்க அதைவிடக் குறைவு. ஒரு வைஃபை டிரைவரைப் பராமரிப்பவரிடம் அந்த டிரைவர் தாங்கும் எல்லாச் சில்லுகளும் இருக்காது. உங்கள் வீட்டில் இருக்கும் ஏழெட்டு வருடப் பழைய மடிக்கணினி அவரிடம் இல்லாத ஒன்றாக இருக்கலாம். அதனால்தான் எழுத்துப்பிழை திருத்தும் பேட்ச் ஒன்றைவிட ஒழுங்கான சோதனை அறிக்கை ஒன்று அவருக்கு அதிகம் உதவும் என்கிறேன்.

ஒரு விதியை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: பேட்ச் இல்லாத கெர்னலில் பிழையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பேட்சைப் போட வேண்டும். பிழையே வராத கணினியில் பேட்சைப் போட்டுவிட்டு "நன்றாக ஓடுகிறது" என்று எழுதினால், அந்த வாக்கியத்தால் யாருக்கும் எதுவும் தெரியாது.

கணினியும் கரண்ட்டும்

8 ஜிபி ரேம், காலியாக 50 ஜிபி இடம், முடிந்தால் எஸ்எஸ்டி. இவ்வளவு போதும். இரண்டு கணினி இருந்தால் நல்லது: ஒன்றில் கம்பைல் செய்யலாம், இன்னொன்றில் ஓட்டலாம். இல்லையென்றால் கியூஎமு என்ற மெய்நிகர் கணினி இருக்கிறது. விர்ட்மி-என்ஜி என்ற கருவியைப் போட்டுக்கொண்டால், கம்பைல் ஆன கெர்னலை அது கியூஎமுவுக்குள் சில நொடிகளில் எழுப்பிவிடும். டிரைவர் தவிர்த்த பெரும்பாலான பேட்சுகளுக்கு இதுவே போதும். கோப்பு முறைமை பேட்சுகளை, அதாவது எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்றவற்றை, மெய்நிகர் வட்டில் மட்டுமே சோதியுங்கள். கடைசி வருட புராஜெக்ட் இருக்கும் வட்டு இதற்கு வேண்டவே வேண்டாம்.

கெர்னல் மூலநிரலை கிட் என்ற பதிப்பு மேலாண்மைக் கருவி வழியாக முழு வரலாற்றோடு இறக்குங்கள். அளவு சில ஜிபி வரும் என்பதால் இரவில் இறங்க விட்டுவிடலாம். நேரம் மிச்சம் என்று வரலாற்றை வெட்டி இறக்கினால், பின்னால் பைசெக்ட் செய்யும்போது, அதாவது பிழை எந்த கமிட்டில் வந்தது என்று பாதி பாதியாகத் தேடும்போது, கை கட்டப்பட்டுவிடும்.

நம் கடற்கரைக்கென்று இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் கடலூர்ப் பக்கம் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2011இல் தானே புயலையும் 2024இல் ஃபெஞ்சலையும் பார்த்த ஊர்கள் இவை. கம்பைல் பாதியில் நின்றால், விட்ட இடத்திலிருந்து மேக் என்ற கம்பைல் கருவி தொடர்ந்துவிடும். ஆனால் கணினி திடீரென்று அணைந்திருந்தால் சில ஆப்ஜெக்ட் கோப்புகள் பாதி எழுதப்பட்டோ, வெறுமையாகவோ கிடக்கலாம். அதற்குப் பிறகு புரியாத லிங்க் பிழை வந்தால் பேட்சைச் சந்தேகிக்காதீர்கள், மேக் கிளீன் கொடுத்து முதலிலிருந்து கம்பைல் செய்யுங்கள். கிட் களஞ்சியத்தையும் ஒருமுறை கிட் எஃப்எஸ்சிகே என்ற சரிபார்ப்புக் கட்டளை கொண்டு பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது உப்புக் காற்று. தேவனாம்பட்டினம் மாதிரி கடலையொட்டிய இடங்களில் யுஎஸ்பி துளைகளின் உலோகம் சீக்கிரம் பச்சை பிடிக்கும். கெர்னல் செய்திகளைக் காட்டும் டிஎம்இஎஸ்ஜி கட்டளையில் சாதனம் இணைந்து, விலகி, மறுபடி இணைவதாகவும் கூடவே "பிழை மைனஸ் 71" என்றும் வரிகள் வந்தால், அது பெரும்பாலும் கேபிளோ தொடர்போ சரியில்லை என்பதன் அடையாளம். வேறு கேபிள், வேறு துளை, வேறு கணினி என்று மாற்றிப் பார்த்த பிறகு கெர்னலிடம் வாருங்கள்.

கம்பைல் செய்வது

இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலின் கான்ஃபிக் கோப்பு பூட் அடைவில் இருக்கும். அதை மூலநிரல் அடைவுக்குப் பிரதி எடுத்து, மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக், அடுத்து மேக் லோக்கல்மாட்கான்ஃபிக் கொடுங்கள். இரண்டாவது கட்டளை, இந்த நொடியில் ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும். கம்பைல் நேரம் பல மடங்கு குறையும். ஆனால் அதைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் பயன்படுத்தும் பென்டிரைவ், ஹெட்செட், போன் கேபிள் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். செருகாததன் டிரைவர் கழிபட்டுப் போகும்.

உபுண்டு, டெபியன் கான்ஃபிக்கில் சான்றிதழ்க் கோப்பு ஒன்றின் பெயர் எழுதியிருக்கும். அந்தக் கோப்பு மூலநிரலில் இல்லாததால் கம்பைல் நின்றுவிடும். சிஸ்டம் டிரஸ்டட் கீஸ் என்ற அமைப்பையும், உபுண்டுவில் சிஸ்டம் ரிவோகேஷன் கீஸ் என்ற அமைப்பையும் வெற்றாக்கினால் சரியாகிவிடும். முதல்முறை வருபவர்கள் பலர் இந்த இடத்திலேயே மனம் விட்டுப் போகிறார்கள். இது உங்கள் தவறல்ல.

பிழை விழுந்த வரியைப் பின்னால் கண்டுபிடிக்க உதவும் டீபக் இன்ஃபோ அமைப்பு கட்டாயம் இயங்கியிருக்கட்டும். லோக்கல்வெர்ஷன் அமைப்பில் உங்களுக்குத் தெரியும்படி ஒரு ஒட்டுச்சொல் சேருங்கள். நிறுவி, ரீபூட் செய்த உடனே, ஓடும் கெர்னலின் பதிப்பைக் காட்டும் யுநேம் -ஆர் கொடுத்து அந்தச் சொல் தெரிகிறதா என்று பாருங்கள். பழைய கெர்னலில் பூட் ஆகிவிட்டு, பேட்ச் வேலை செய்யவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவது சர்வ சாதாரணமாக நடக்கிறது. செக்யூர் பூட் இயங்கினால் நீங்கள் கம்பைல் செய்த, கையெழுத்திடாத கெர்னல் எழும்பாது. சோதனைக் கணினியில் அதை அணைத்துவிடுங்கள். கணினி எழும்போது கெர்னலைத் தேர்ந்தெடுக்கும் கிரப் பட்டியலில் பழைய கெர்னல் ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

பேட்சை எடுப்பது

பேட்சுகள் மின்னஞ்சலில்தான் நடமாடுகின்றன. லோர் என்ற பொது ஆவணக் களஞ்சியத்தில் எல்லாம் கிடைக்கும். வெப்மெயிலிலிருந்து காப்பி பேஸ்ட் செய்யாதீர்கள், டாப் எல்லாம் இடைவெளியாக மாறி பேட்ச் ஒட்டாமல் போகும். பி4 என்ற கருவியை நிறுவி, மின்னஞ்சலின் மெசேஜ்-ஐடியைக் கொடுத்தால், அந்தத் தொகுதியின் கடைசிப் பதிப்பை அதுவே கண்டுபிடித்துக் கொண்டுவரும்.

எந்தக் கமிட்டின் மேல் ஒட்ட வேண்டும் என்பதை பேட்சின் அடியில் இருக்கும் பேஸ்-கமிட் வரி சொல்லும். அந்த வரி இல்லையென்றால், மூலநிரலிலேயே இருக்கும் மெயின்டெய்னர்ஸ் கோப்பில் அந்தத் துணை அமைப்புக்கு எந்த கிட் மரம் என்று போட்டிருக்கும். அதில் முயலுங்கள். ஒட்டாத பேட்சைக் கையால் இழுத்து ஒட்டினால், அதை அறிக்கையில் சொல்லியாக வேண்டும்.

பிழையை வரவழைப்பது

பேட்சின் விளக்கத்தில் பிழை எப்போது வரும் என்று எழுதியிருப்பார்கள். அதை ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்டாக மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் வரும் பிழை என்றால் வேலை சுலபம். சில சமயம் மட்டும் வரும் பிழையில்தான் கவனம் வேண்டும், இங்கே கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கும்.

சராசரியாக 20 தடவைக்கு ஒருமுறை வரும் பிழை என்று வைத்துக்கொள்வோம். பேட்சைப் போட்டு 20 தடவை ஓட்டுகிறீர்கள், ஒருமுறைகூட வரவில்லை. பேட்ச் பிழையைத் தீர்த்துவிட்டதா? அந்த பேட்ச் எதையுமே மாற்றாத வெற்றுக் காகிதமாக இருந்தாலும், 20 தடவையும் பிழை வராமலிருக்க சுமார் 36 சதவீத வாய்ப்பு உண்டு. 60 தடவை ஓட்டினால் அது சுமார் 5 சதவீதமாகக் குறையும். 100 தடவையில் 1 சதவீதத்துக்கும் கீழே போகும். ஆகவே பேட்ச் இல்லாமல் எத்தனை தடவையில் எத்தனை முறை பிழை வந்தது என்று முதலிலேயே எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பேட்சோடு எத்தனை தடவை ஓட்ட வேண்டும் என்பதை அந்த எண்தான் தீர்மானிக்கும். ஸ்கிரிப்டை ஓடவிட்டுச் சாப்பிடப் போய்வாருங்கள், எண்ணுவது கணினியின் வேலை.

பிழை வரவே இல்லையென்றால்? அதையும் அப்படியே எழுதலாம். "என் கணினியில் பிழையை வரவழைக்க முடியவில்லை, பேட்சால் வேறு கெடுதல் எதுவும் தெரியவில்லை" என்பது நேர்மையான, பயனுள்ள வாக்கியம்.

காவல் வைப்பது

மேலுக்கு எல்லாம் நன்றாக இருக்கும்போதே உள்ளே நினைவகம் கெட்டுக்கொண்டிருக்கலாம். அதைப் பிடிக்க கெர்னலிலேயே கருவிகள் இருக்கின்றன. விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடுவதையும் எல்லை தாண்டுவதையும் கேசான் பிடிக்கும். பூட்டுகளை முன்னுக்குப் பின் எடுப்பதை லாக்டெப் பிடிக்கும். முட்டி நிற்கும் நிலை நிஜமாக வராவிட்டாலும், வர வழி இருக்கிறது என்றாலே அது எச்சரித்துவிடும். உறங்காமல் காத்திருக்கும் பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்துக்கொண்டு உறங்கக்கூடிய ஃபங்ஷனைக் கூப்பிடுவதைப் பிடிக்கத் தனி அமைப்பு இருக்கிறது. நினைவகக் கசிவுக்கு கேமெம்லீக், இழைகளுக்கிடையிலான தரவுப் போட்டிக்கு கேசிசான்.

எல்லாவற்றையும் ஒரே கெர்னலில் போட முடியாது. கேசானும் கேசிசானும் சேர்ந்து இயங்கா. கேசான் நினைவகத்தில் எட்டில் ஒரு பங்கைத் தன் கணக்குக்கென்று எடுத்துக்கொள்ளும், வேகமும் நன்றாகக் குறையும். பெரும்பாலான பேட்சுகளுக்கு நான் சிபாரிசு செய்வது, கேசானும் லாக்டெப்பும் சேர்ந்த ஒரு கெர்னல், இரண்டும் இல்லாத ஒரு கெர்னல், இரண்டிலும் சோதனை. காவல் போட்டால் நேர ஓட்டம் மாறிச் சில பிழைகள் ஒளிந்துகொள்ளும், அதனால்தான் இரண்டாவது.

லாக்டெப் முதல் எச்சரிக்கையைக் கொடுத்ததும் தன்னை அணைத்துக்கொள்ளும். கேசானும் இயல்பாக முதல் பிழையை மட்டுமே சொல்லும். பூட் ஆகும்போதே வேறு ஏதோ டிரைவரால் எச்சரிக்கை வந்திருந்தால், அதற்குப் பிறகு நீங்கள் செய்யும் சோதனைக்குக் காவலே இல்லை. ஆகவே சோதனையைத் தொடங்கும் முன் டிஎம்இஎஸ்ஜி சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அந்தத் துணை அமைப்புக்குக் கெர்னலோடு வரும் கேசெல்ஃப்டெஸ்ட் அல்லது கேயூனிட் சோதனைகள் இருந்தால் அவற்றையும் ஓட்டிவிடுங்கள்.

ஊப்ஸைப் படிப்பது

ஊப்ஸ் என்பது கெர்னல் பிழையில் விழும்போது எழுதும் செய்தி. திரை முழுக்க எழுத்தாக வந்து விழும்போது பயம் வரத்தான் செய்யும். ஆனால் கெர்னல் தான் விழுந்த இடத்தை இவ்வளவு விவரமாகச் சொல்வது நமக்குப் பெரிய உதவி. நிதானமாகப் படிக்கலாம்.

முதலில் அந்த எழுத்து முழுவதும் கைக்கு வர வேண்டும். கணினி உறைந்துபோகும் பிழை என்றால் நெட்கன்சோலைப் போடுங்கள். அது செய்திகளை யுடிபி வழியாக, வழக்கமாக 6666ஆம் போர்ட்டில், பக்கத்துக் கணினிக்கு அனுப்பும். வைஃபையை நம்பாதீர்கள், ஈதர்நெட் கேபிளைப் போடுங்கள். சீரியல் போர்ட் உள்ள பலகை என்றால் யுஎஸ்பி-சீரியல் கேபிள் ஒன்று வாங்கி 115200 வேகத்தில் இணையுங்கள். போன் கேமராவில் திரையைப் படம் எடுப்பது கடைசி வழி. அதில் மேலே ஓடிப்போன முதல் வரிகள் கிடைக்காது, நமக்கு வேண்டியது அவைதான்.

ஏன் முதல் வரிகள்? முதல் ஊப்ஸுக்குப் பிறகு வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். முதலாவதை மட்டும் எடுங்கள். அதில் டெயின்டட் என்ற சொல்லுக்கு அருகில் சில எழுத்துகள் இருக்கும். மூடிய மூலநிரல் டிரைவர் ஏற்றியிருந்தால் பி என்று வரும். அந்த நிலையில் வரும் அறிக்கையைப் பல பராமரிப்பாளர்கள் பார்க்க மாட்டார்கள். அந்த டிரைவர் இல்லாமல் மறுபடி ஓட்டுங்கள்.

அடுத்து, விழுந்த முகவரி. அது 16 மாதிரிச் சுழியத்தை ஒட்டிய சின்ன எண்ணாக இருந்தால், யாரோ எதையும் சுட்டாத வெற்று (நல்) பாயின்டரை ஒரு ஸ்ட்ரக்ட், அதாவது தரவுத் தொகுப்பு, என்று நினைத்து, அதன் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி இருக்கும் உறுப்பை எடுக்கப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். பாஹோல் என்ற கருவி அந்த ஸ்ட்ரக்ட்டில் 16ஆவது பைட்டில் எந்த உறுப்பு இருக்கிறது என்று காட்டிவிடும். பாதிக் கதை அதிலேயே தெரிந்துவிடும்.

விழுந்த ஃபங்ஷனின் பெயரையும், அதற்குள் எத்தனையாவது பைட் என்பதையும் ஆர்ஐபி வரி சொல்லும். கீழே கால் டிரேஸ், யார் யாரைக் கூப்பிட்டு இங்கே வந்தார்கள் என்ற வரிசை. கேள்விக்குறி போட்ட வரிகள் உறுதியானவை அல்ல, அவற்றைத் தாண்டிப் படியுங்கள். இந்தப் பெயர்களைக் கோப்பும் வரி எண்ணுமாக மாற்ற மூலநிரலின் ஸ்கிரிப்ட்ஸ் அடைவில் டீகோட்_ஸ்டாக்டிரேஸ் இருக்கிறது. அதற்குக் கொடுக்கும் விஎம்லினக்ஸ் கோப்பு, விழுந்த அதே கம்பைலில் வந்ததாக இருக்க வேண்டும். மறுபடி கம்பைல் செய்துவிட்டால் வரி எண்கள் பொய் சொல்லும். ஆகவே ஒவ்வொரு சோதனைக் கெர்னலின் விஎம்லினக்ஸையும் பெயர் போட்டுத் தனியே வையுங்கள்.

கேசான் அறிக்கை இன்னும் தெளிவு. அதில் மூன்று டிரேஸ் இருக்கும்: தவறாகத் தொட்டது யார், அந்த நினைவகத்தை ஒதுக்கியது யார், விடுவித்தது யார். யுஎஸ்பி சாதனம் ஒன்றைப் பிடுங்கும்போது விழும் பிழையை எடுத்துக்கொள்வோம். ஒதுக்கியது சாதனம் இணையும்போது ஓடும் டிரைவரின் புரோப் ஃபங்ஷன், விடுவித்தது அது விலகும்போது ஓடும் டிஸ்கனெக்ட் ஃபங்ஷன், தொட்டது பிறகு ஓடும்படி ஒர்க்-கியூ என்ற வரிசையில் போட்ட ஒரு வேலை என்று மூன்றும் காட்டினால் நடந்தது புரிந்துவிடுகிறது. சாதனம் போய்விட்டது, அதன் ஸ்ட்ரக்ட்டும் போய்விட்டது, ஆனால் முன்பே வரிசையில் போட்ட வேலை ஒன்று மிச்சமிருந்து பிறகு ஓடியிருக்கிறது. விடுவிப்பதற்கு முன், அந்த வேலையை ரத்து செய்து, ஓடிக்கொண்டிருந்தால் முடியும்வரை காத்திருக்கும் கேன்சல்_ஒர்க்_சிங்க் கூப்பிட்டிருக்க வேண்டும். நீங்கள் சோதிக்கும் பேட்ச் அந்த வரியைச் சேர்க்கிறது என்றால் இனி இரண்டு கேள்விகள் கேளுங்கள். ரத்து செய்த பிறகு வேறு ஏதாவது அந்த வேலையை மறுபடி வரிசையில் போட வழி இருக்கிறதா? டிஸ்கனெக்ட் பிடித்திருக்கும் பூட்டையே அந்த வேலையும் கேட்கிறதா? இரண்டாவதற்கு ஆம் என்றால் பழைய பிழை போய்ப் புதிதாக ஒரு முட்டுக்கட்டை வந்திருக்கிறது. லாக்டெப்பை உடன் ஓட்டுவது இதற்காகத்தான்.

பைசெக்ட்

போன பதிப்பில் வேலை செய்தது, இந்தப் பதிப்பில் இல்லை. ஆனால் எந்த கமிட் என்று தெரியாது. கிட் பைசெக்ட் நடுவில் இருக்கும் கமிட்டைக் கொடுக்கும், நீங்கள் ஓட்டிப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்ல வேண்டும், அது மறுபடி பாதியாக்கும். 14,000 கமிட் இருந்தாலும் சுமார் 14 முறை ஓட்டினால் போதும். கம்பைல் ஆகாத இடத்தில் ஸ்கிப் கொடுங்கள், ஊகித்து நல்லது என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே ஒரு தவறான பதில், சம்பந்தமே இல்லாத கமிட்டில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சில சமயம் மட்டும் வரும் பிழை என்றால் மேலே சொன்ன கணக்கை ஒவ்வொரு படியிலும் போடுங்கள். கடைசியில் ஒரு கமிட் கிடைத்ததும், புதிய கெர்னலில் அதை மட்டும் ரிவர்ட் செய்து, அதாவது அந்த மாற்றத்தைத் திரும்ப நீக்கி, ஓட்டுங்கள். பிழை போனால்தான் அது குற்றவாளி. அந்த கமிட்டை எழுதியவருக்குச் சொல்லும்போது பைசெக்ட் பதிவையும் சேர்த்து அனுப்புங்கள்.

அறிக்கை எழுதுவது

ஆங்கிலம் சரளமாக வராது என்று தயங்கும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்: இந்த மின்னஞ்சலுக்கு ஆறேழு சின்ன வாக்கியம் போதும். எந்தக் கணினி, என்ன சில்லு. எந்த கமிட்டின் மேல் பேட்ச் போட்டீர்கள். பேட்ச் இல்லாமல் எத்தனை தடவையில் எத்தனை முறை பிழை, பேட்சோடு எத்தனை தடவையில் எத்தனை. என்னென்ன காவல் அமைப்புகள் இயங்கின. எதைச் சோதிக்கவில்லை. உதாரணமாக, கணினியை உறங்கவைத்து எழுப்பிப் பார்க்கவில்லை என்றால் அதை எழுதுங்கள்.

பிழை தீர்ந்திருந்தால் கீழே டெஸ்டட்-பை என்று உங்கள் பெயர், மின்னஞ்சலோடு ஒரு வரி. அந்த வரி கமிட்டோடு சேர்ந்து கெர்னல் வரலாற்றில் நிற்கும். கம்பைல் மட்டும் செய்திருந்தால் அந்த வரியைப் போட வேண்டாம், கம்பைல் செய்து பார்த்தேன் என்று சொன்னால் போதும். பிழை தீராவிட்டால் டீகோட் செய்த முழு டிரேஸையும் ஒட்டுங்கள். "உங்கள் பேட்ச் வேலை செய்யவில்லை" என்று எழுதக் கூச்சப்பட வேண்டாம், பேட்ச் முதன்மைக் கெர்னல் மரமான மெயின்லைனுக்குள் போவதற்கு முன் தெரிந்ததே என்று அவர்கள் நன்றிதான் சொல்வார்கள்.

வடிவம் இல்லாத வெறும் எழுத்தாக அனுப்புங்கள், எச்டிஎம்எல் மின்னஞ்சலைக் கெர்னல் மின்னஞ்சல் பட்டியல்கள் திருப்பிவிடும். ரிப்ளை-ஆல் கொடுங்கள். பதிலை மேலே எழுதாமல், சம்பந்தப்பட்ட வரிக்குக் கீழே எழுதுங்கள். அடுத்த பதிப்புக்கான மாற்றங்களைச் சேர்க்கும் மெர்ஜ் விண்டோ நடக்கும் இரண்டு வாரத்தில் பராமரிப்பாளர்களுக்குத் தலைக்கு மேல் வேலை, பதில் தாமதமாகும். ஒன்றிரண்டு வாரம் பொறுங்கள்.

இதற்கிடையில் அதே பேட்சின் இரண்டாம் பதிப்பு வரலாம். எழுதியவர் நிரலைக் கணிசமாக மாற்றியிருந்தால் நீங்கள் முதல் பதிப்புக்குக் கொடுத்த டெஸ்டட்-பை அதற்குச் செல்லாது. இரண்டு பதிப்புக்கும் என்ன வித்தியாசம் என்று கிட் ரேஞ்ச்-டிஃப் காட்டும். ஸ்கிரிப்டும் கான்ஃபிக்கும் கையில் இருப்பதால் இந்த முறை பாதி நேரம்தான் பிடிக்கும். பேட்ச் இல்லாத கெர்னலிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.